செய்யாதவர் சொல்லும் குறை

குன்னூரில் தேயிலை ஏலம் கூடுவதற்கு முன்னர், தரகு நிறுவனங்களின் சுவை அறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். நீண்ட மேசையின்மேல் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு தொழிற்சாலையின் தூளுக்கு உரியது. அளவாக நிறுத்து இட்ட தூளின்மேல் கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடங்கள் கழித்து வடித்து வைத்திருப்பார்கள். சுவைஞர் வருவார்; கரண்டியால் முகந்து ஓசை எழ உறிஞ்சுவார்; வாய்க்குள் சுழற்றுவார்; உடனே துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். கருகல் வாடை இருக்கிறது என்பார். புளிப்பு ஏறிவிட்டது என்பார். உடன் வருபவர் அதனைக் குறித்துக்கொள்வார். அந்தச் சுவைஞர் கொழுந்து பறித்தவர் அல்லர்; இலையை வாட்டியவரோ உருட்டியவரோ அல்லர்; அந்தத் தேநீரை ஒரு மிடறு விழுங்கியவரும் அல்லர். எனினும் அவர் சொன்ன சொல் மலைப்பாதையில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே உலர்த்தும் அடுப்பின் சூடு தணிக்கப்படுகிறது. 1963 முதல் இவ்வூரில் ஏலம் நடந்துவருகிறது. "முதலில் ஒரு கூடை கொழுந்து பறித்து வாரும்; பிறகு குறை சொல்லும்" என்று எந்தத் தொழிற்சாலை உரிமையாளரும் சுவைஞரைப் பார்த்துச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாணவ நண்பர்களே, நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேயிலை அன்று. கணினியின் உலகில் ஊதியம் கருதாமல் பலர் கூடிச் செய்யும் பொதுப்பணிகள் உள்ளன. அப்பணிகளில் ஒரு வரி நிரலும் எழுதாமல், குறை மட்டும் சொல்லுகிறவர்களுக்கு இடம் உண்டா என்பதே இன்றைய வினா. அந்த உலகில் சுவைஞருக்குக் கிடைக்கும் மரியாதை எளிதில் கிடைப்பதில்லை. "குறை கண்டீரானால் திருத்தத்தை நீரே எழுதிக் கொடும்" என்பதே அங்கு வழக்கமாக வரும் மறுமொழி. இந்த மறுமொழியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதனை மறைக்க நான் விரும்பவில்லை. பகலெல்லாம் வேறு தொழில் செய்துவிட்டு, இரவில் கண்விழித்துப் பொதுமக்களுக்காக உழைக்கும் ஒருவரிடம், உழைக்காத ஒருவர் வந்து நொட்டை சொன்னால் சினம் வருவது இயல்பே. ஆனால் வரலாறு என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

இத்தகைய கூட்டுப்பணிகளில் பெரும்புகழ் பெற்றது லினக்ஸ் என்னும் இயங்குதளம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். அக்காலத்தில் மாணவர் பலர் பயன்படுத்திய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றே அந்த அறிவிப்பில் அவர் கேட்டார். அம்முயற்சியின் முதல் மடலே, பயன்படுத்துவோரிடம் குறை கேட்ட மடல். எனக்கு நிரல் எழுதித் தாருங்கள் என்று அவர் அங்கே கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு சனவரியில், கேளாத இடத்திலிருந்தும் குறை வந்தது. மினிக்ஸைப் படைத்த ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸின் கட்டமைப்பே பழமையானது என்றும், அது ஒரே வகைச் சில்லோடு பிணைந்து கிடக்கிறது என்றும் வெளிப்படையாக எழுதினார். நீர் என் மாணவராக இருந்திருந்தால் இவ்வமைப்புக்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருக்க மாட்டீர் என்ற கருத்துப்படவும் எழுதினார். (ஆசிரியர்களுக்கு இந்த நோய் எளிதில் வரும். எனக்கும் வந்ததுண்டு.) இளைஞர் கடுமையாக விடையளித்தார், பின்னர்த் தம் சொல்லின் கடுமைக்காக வருத்தமும் தெரிவித்தார். பேராசிரியர் லினக்ஸுக்கு ஒரு வரியும் எழுதிக் கொடுத்தவர் அல்லர். அவர் சொன்ன இரண்டு குறைகளில் கட்டமைப்பைப் பற்றியதைக் காலம் ஏற்கவில்லை. லினக்ஸ் இன்றும் அதே அடிப்படை அமைப்போடுதான் ஓடுகிறது. மற்றொன்று உண்மையாயிற்று. ஒரே சில்லை நம்பி வாழ முடியாது என்பது விளங்கி, 1995இல் வெளிவந்த 1.2 என்னும் பதிப்பு வேறு வகைச் சில்லுகளிலும் இயங்கத் தொடங்கியது. இன்று நம் கைகளில் இருக்கும் ஆண்டிராய்டு பேசிகளின் உள்ளே இருப்பது அந்த லினக்ஸே. பேராசிரியரின் கண்டனத்தால்தான் அம்மாற்றம் நிகழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பாதி தவறிய ஒருவரும் மீதிப் பாதியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டக்கூடும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

குறை காணும் கண்கள் இல்லாதபோது நேர்வதற்கும் ஒரு சான்று உண்டு. இணையத்தில் செய்திகளைக் கமுக்கமாக அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பொது நிரலில், 2012இல் வந்த பதிப்போடு ஒரு பிழையும் வந்து புகுந்தது. வங்கிகள், கடைகள், அரசுத் தளங்கள் எனப் பலரும் அதனைப் பயன்படுத்தினர். எவரும் திறந்து படிக்கத் தடை இல்லாத நிரல் அது. எனினும் 2014 ஏப்ரல் வரை, ஈராண்டுக் காலம், அப்பிழை உலகுக்குத் தெரியாமலே கிடந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே எட்டிப் பார்த்தவர் மிகச் சிலர்.

இனி நம் தமிழுக்கு வருவோம். இங்கேதான் என் உள்ளத்தைத் தைத்த செய்திகள் உள்ளன.

கணினியில் தமிழ் எழுத்துகள் தோன்றிய தொடக்கக் காலத்தில், ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் எழுத்துகளை வைத்தார். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. பின்னர்ப் பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர் மின்னஞ்சல் வழியே வாதிட்டு வாதிட்டு 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு 'தாம்', 'தாப்' என்ற வேறு இரு முறைகளையும், 'தமிழ் 99' என்ற விசைப்பலகையையும் ஏற்றது. ஒரு குழப்பத்தைத் தீர்க்க மூன்று தீர்வுகள் வந்தன! அவற்றுள் எது வாழும் என்பதை மாநாடுகள் முடிவு செய்யவில்லை. எழுதிப் படித்த மக்கள் முடிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் மூன்றும் ஒதுங்க, உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி நிலைபெற்றது. விசைப்பலகையிலும் இதே கதைதான். வல்லுநர்கள் ஆராய்ந்து அமைத்த தமிழ் 99 இருக்கவே, பழைய தட்டச்சுக்காரர்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை. இளைஞர்களோ ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் தமிழைப் பெற்றார்கள். இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் எல்லா முறைகளுக்கும் இடம் கொடுக்க நேர்ந்தது. ஒன்றும் பேசாமல், ஒன்றும் எழுதிக் கொடுக்காமல், கைவிரல்களாலேயே மக்கள் சொன்ன கருத்து அது.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களின் அமைப்பு, இந்திய அரசு 1988இல் வகுத்த 'இஸ்கி' முறையைத் தழுவியது. இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்ப்பது அதன் நோக்கம். ஆகவே தமிழின் தனி எழுத்துகள், அவற்றுக்கு ஒலியால் அண்டையான எழுத்துகளின் பக்கத்தில் அமர்த்தப்பட்டன. 'ந'வுக்கு அடுத்து 'ன'; 'ர'வுக்கு அடுத்து 'ற'; 'ள'வுக்கு அடுத்து 'ழ'; இவற்றுக்குப் பின்னர் 'வ'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதனைக் கேட்டால் சிரிக்கும்.

இவ்வரிசையின் விளைவை நான் என் கண்ணாலேயே கண்டேன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றை அகர வரிசையில் ஒழுங்குபடுத்தி அச்சிட்டுத் தருமாறு ஓர் இளைஞரிடம் கேட்டேன். பட்டியல் வந்தது. முதலில் அன்பழகன், பிறகு அமுதா, அரசு, அறிவழகன், அழகேசன். அமுதா, அரசு, அழகேசன், அறிவழகன், அன்பழகன் என்றன்றோ இருக்க வேண்டும்? 'ன' தமிழ் நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. அன்பழகன் இந்த ஐவரில் இறுதியில் வர வேண்டியவன். நான் சுட்டிக்காட்டினேன். "ஐயா, கணினி அப்படித்தான் அடுக்கும். தவறு என்றால் நீங்களே ஒரு நிரல் எழுதிக் கொடுங்கள்" என்றார் அவர், மரியாதை குறையாமலே. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அகர வரிசை தெரியும். வீட்டுக்கு வந்து பட்டியலைக் கையால் எழுதி முடித்தேன். ஆனால் அந்த விடை நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை. வரிசை பிழை என்பதை அறிய எந்த அறிவு வேண்டும்? நிரல் அறிவா, நெடுங்கணக்கு அறிவா?

எனக்கு முன்னரே இதனைச் சுட்டிக்காட்டியவர் பலர் என்பதைப் பின்னர் அறிந்தேன். எழுத்துகளின் இடம் மாறவில்லை, மாறவும் மாறாது. ஒருமுறை ஒருங்குறியில் இடம்பெற்ற எழுத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பதில்லை என்பது அதன் உறுதியான விதி. மாற்றினால் அதுவரை எழுதப்பட்ட ஆவணங்கள் எல்லாம் பாழாகும். ஆனால் அடுக்குவதற்கென்றே தனி அட்டவணை ஒன்று உண்டு. அந்த அட்டவணையில் தமிழ் மெய்கள் 'க' முதல் 'ன' வரை நம் முறைப்படியே நிற்கின்றன. அதனைப் பின்பற்றும் மென்பொருளில் அன்பழகன் தன் இடத்துக்குப் போய்விடுவான்.

எல்லாக் குறைகளுக்கும் இப்படி மருந்து கிடைக்கவில்லை. ஒருங்குறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஓர் அதிகாரப் பெயர் உண்டு. நம் ஆய்த எழுத்துக்கு அங்கே இட்ட பெயர் 'விசர்க்கம்'. வடமொழி விசர்க்கம் வேறு, தமிழ் ஆய்தம் வேறு என்பதை ஆறாம் வகுப்பில் நான் கற்பித்திருக்கிறேன். பெயரையும் மாற்றுவதில்லை என்பது விதியாதலால், அட்டவணையில் 'ஆய்தம்' என்று சிறு குறிப்பு மட்டும் சேர்த்திருக்கிறார்கள். 'அனுசுவாரம்' என்ற குறிக்கும் தமிழ்ப் பகுதியில் ஓர் இடம் உண்டு. தமிழில் வழங்குவதில்லை என்ற குறிப்போடு அது நிரந்தரமாகக் குடியிருக்கிறது. 1991க்கு முன்னர் ஒரு தமிழாசிரியரை அழைத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் செய்தி இது. கணினியைத் தொட்டும் அறியாத அந்த ஆசிரியர், ஒரு சொல்லால் பெரும்பணி செய்திருப்பார். காலம் தாழ்ந்து வந்த கண்டனத்துக்குக் கிடைத்தது அடிக்குறிப்பு மட்டுமே.

2010ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு சூன் மாதம் நம் மலையடிவாரத்துக் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் சேர்ந்து நடந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில் பெரிய பூசல் ஒன்று எழுந்தது. கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனி இடம் கேட்டு ஒரு முன்மொழிவு இருந்தது. அதில் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழ் எழுத்துகளையும் கிரந்தத்தோடு சேர்த்திருந்தனர். வடமொழியைத் தமிழ் எழுத்தில் பிழையற எழுதுவதற்காக 26 குறிகளைச் சேர்க்கலாம் என்ற மற்றொரு முன்மொழிவும் இருந்தது. செய்தி வெளிவந்ததும் தமிழறிஞர்களும் இயக்கத்தவரும் கொதித்தெழுந்தனர். முதல்வர் கருணாநிதி நடுவண் அரசுக்கு எழுதினார். அத்துறையின் அமைச்சராக அப்போது இருந்தவர் நம் நீலகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினரே. முடிவைத் தள்ளிவைக்குமாறு நடுவண் அரசும் கேட்டுக்கொண்டது.

எதிர்த்தவருள் பெரும்பாலோர் குறியீட்டு நுட்பம் அறியாதவர். இரண்டு முன்மொழிவுகளையும் ஒன்றெனக் கருதிக் குழம்பினார்கள். கிரந்தத்துக்குத் தனி இடம் கொடுத்தாலே தமிழ் அழிந்துவிடும் என்று சிலர் முழங்கினார்கள்; அது மிகை. கல்வெட்டும் செப்பேடும் படிப்போருக்குக் கிரந்தம் வேண்டும். வரலாறு கற்பித்த நான் அதனை மறுக்க முடியாது. முன்மொழிந்தவரைப் பகைவர் போல் ஏசியதும் தகாத செயல். இவ்வளவு பிழைகளுக்கு நடுவே அவர்கள் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நேராக இருந்தது: தமிழுக்கே உரிய ழகரமும் றகரமும் னகரமும் கிரந்தத்தில் ஏன் இருக்க வேண்டும்? அதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. 2014 சூனில் வெளிவந்த ஒருங்குறி 7.0இல் கிரந்தம் தனி இடம் பெற்றது. அந்த ஐந்து எழுத்துகளும் அதில் இல்லை. 26 குறிகளும் தமிழில் சேரவில்லை. ஆத்திரத்தோடு வந்த கண்டனத்திலிருந்து ஆத்திரத்தை வடித்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளும் பொறுமை எங்கோ யாருக்கோ இருந்திருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. பழைய கணக்கேடுகளில் வழங்கிய முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளை ஒருங்குறியில் சேர்க்கும் முயற்சி அதற்குப்பின் தொடங்கியது. கருத்துக் கேட்பும் மறுகருத்தும் திருத்தமுமாக ஆண்டுகள் ஓடி, 2019 மார்ச்சில்தான் 51 குறிகள் இடம்பெற்றன. உழைத்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு சலிப்பைத் தந்திருக்கும் என்பதை நான் உணர்கிறேன். எனினும் ஆய்தத்தின் பெயரை எண்ணும்போது, சில ஆண்டுத் தாமதம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இதில் நீங்கள் என்னோடு மாறுபடலாம்.

நம் மலையிலே இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எனப் பல மொழியினர் வாழும் மாவட்டம் இது. அம்மொழிகளைக் கைப்பேசியில் எழுதுகிற இளைஞர் பெரும்பாலும் தமிழ் எழுத்தையே கைக்கொள்கிறார்கள். தமிழில் வல்லினத்துக்கு ஒரே வடிவம். சொல்லின் முதலில் அழுத்தியும் மென்மையாகவும் வேறுபடுத்தி ஒலிக்கும் மொழிகளுக்கு அது போதாது. படகு என்று அம்மொழியின் பெயரை எழுதினால், வெளியூர்ப் பிள்ளை ஆற்றில் செல்லும் படகு என்றே படிக்கிறது.

நான் பணியில் இருந்தபோது ஒரு விழாவில் இது நேரிலே நடந்தது. படகர் மாணவன் ஒருவன் தன் ஹெத்தையம்மன் கதையைப் பாட்டியிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வந்தான். அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தமையால், சமவெளியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி அதனைப் படித்தாள். முன்வரிசையில், வெள்ளை முண்டும் தலைக்கட்டுமாக அந்தப் பாட்டி அமர்ந்திருந்தார். இரண்டு வரி போவதற்குள் கையை உயர்த்தினார். "அம்மிணி, அது அப்படி இல்லை" என்று சொல்லி, அச்சொல்லைத் தாமே ஒலித்துக் காட்டினார். மாணவி திருத்திப் படித்தாள். அடுத்த வரியில் மீண்டும் கை உயர்ந்தது. அவையில் சிலர் பொறுமை இழந்தனர். விழா நேரம் போகிறது என்று ஒருவர் என் காதில் சொன்னார். பாட்டி எழுதப் படிக்க அறியாதவர்; கையெழுத்துக்குப் பெருவிரல் ரேகை வைப்பவர். நான் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அவர் நிறுத்திய இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். மாணவி தொடர்ந்து படித்தாள்.